போதும்பொண்ணு என்ற பெயரில் புகழ்பெற்றோர்

நான்காம் வகுப்பில் டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். அவரவர் பெயரில் வரலாற்றில் புகழ்பெற்றவர்கள் யார் யார் என்று எழுதிவர வேண்டும். பாண்டியன் என்ற பையனுக்கு ஓர் அரச வம்சமே கிடைத்தது. லட்சுமிக்குக் குதிரையோடு ஒரு ராணி கிடைத்தாள். என் பெயர் போதும்பொண்ணு. ராஜபாளையம் நூலகத்தில் இரண்டு சாயங்காலம் தேடியும் ஒருவரும் அகப்படவில்லை.

"ஏட்டி, ஒன் பேர்ல யாருமே பெரிய ஆளு ஆகலையா?" என்றான் பாண்டியன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் பெயரில் எனக்குப் பெருமை உண்டு. 'இந்தப் பெண் ஒருத்தியே போதும்' என்று வீட்டில் மகிழ்ந்து வைத்த பெயர் என்றே நம்பியிருந்தேன். அப்படியொரு பெயர் வாய்க்காத என் மூன்று அக்காக்களை நினைத்தால் பாவமாகக்கூட இருக்கும்.

அம்மாவின் தம்பியான மாமா, கிருஷ்ணன்கோவிலில் கல்லூரி பஸ் ஓட்டினார். ஊருக்கு ஊர் ஆள் தெரிந்தவர். விசாரித்து மூன்று போதும்பொண்ணுகளைக் கண்டுபிடித்துவிட்டார். ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் நர்ஸ். ஒருவர் பஞ்சாயத்துத் தேர்தலில் ஜெயித்தவர். மூன்றாமவர் தேவதானத்திலிருந்து முதன்முதலாகப் போலீஸ் வேலைக்குப் போன பெண். ஓய்வுபெற்று ஊரில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மாமா என்னை அவரிடம் கூட்டிப்போனார்.

நான் நோட்டை விரித்தேன். ஆனால் முதல் கேள்வியை அவர்தான் கேட்டார்.

"ஏட்டி, நீ எத்தனாவது பொண்ணு?"

"நாலாவது."

"நான் அஞ்சாவது."

"ஒங்களுக்குப் பொறவு?"

"பொறவும் பொண்ணுதான்!"

அவர் சிரித்த சிரிப்பில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து குரைத்தது. மாமா மட்டும் சிரிக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலைக்குப் போறேன்னு சொன்னப்ப, 'போதும், வீட்டுல இரு'ன்னாவ எங்கய்யா. எனக்கு எம்பேரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரிதான் கேட்டுச்சு. வாரேன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டேன்."

அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

மூவரைப் பற்றியும் நான்கு பக்கம் எழுதினேன். மாமா விசாரித்துச் சொன்னதை வைத்து, நானே கண்டறிந்த உண்மை ஒன்றையும் கடைசியில் சேர்த்தேன்: 'போதும்பொண்ணு என்று பெயருள்ள எல்லோருக்கும் நிறைய அக்காக்கள் இருக்கிறார்கள். காரணம் தெரியவில்லை.'

டீச்சரிடம் கொடுக்கும் முன் அப்பாவிடம் காட்டினேன். போலீஸ்காரர் பக்கம்வரை சிரித்துக்கொண்டே வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் நோட்டை மெதுவாக மூடி என் கையில் கொடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த வரியில் ஏதோ ஒற்றுப்பிழை விட்டிருக்கிறேன் என்று நினைத்தேன். அவர் திரும்பி வரும்வரை எழுத்து எழுத்தாக அதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.