திறக்காத விரல்களும் ஒரு பிடி அட்சதையும்

செல்வமணி என் முன்னால் வந்து உட்கார்ந்த முதல் நாளே என் கழுத்தைப் பிடித்துவிட்டார். சரியாகச் சொன்னால், அடையாள அட்டை தொங்கும் நாடாவை. அவருடைய வலது கை அதை இறுக்கிக்கொண்டது, விடவே இல்லை. என் தலை அவர் மடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"மன்னிச்சிருங்க மிஸ்! நான் புடிக்கல, இந்தக் கைதான் புடிச்சிருச்சு."

பதுளை ஆஸ்பத்திரியில் பக்கவாதம் வந்தவர்களின் கைக்கும் விரலுக்கும் பயிற்சி கொடுப்பது என் வேலை. நோயாளிகள் என்னை 'கை மிஸ்' என்பார்கள். செல்வமணி பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இருபது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். கூட வந்த கணவர் ராஜு பெருமையாகச் சொன்னார்:

"பிடி எப்படி மிஸ்? நாந்தான் பந்து வாங்கிக் குடுத்தேன். விடிஞ்சதுலருந்து அமுக்கிக்கிட்டே இருக்கா."

எனக்கு வந்ததே கோபம்! தோட்டத்து லயக் குடியிருப்பில் யாருக்கு வாதம் வந்தாலும் பார்க்க வரும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு ரப்பர் பந்தோடு வந்துவிடுகிறார்கள். பலருக்கு விரல்களை மூடுவது அவ்வளவு சிரமம் இல்லை. திறப்பதுதான் பெரும்பாடு. ஏற்கெனவே டைட்டாக இருக்கும் கையை நாள் முழுக்க அமுக்கினால் அது மூடத்தான் பழகும்.

"அந்தப் பந்த இங்க குடுங்கண்ணே. பேரப்புள்ள பொறந்ததும் வந்து வாங்கிக்குங்க."

பேரப்பிள்ளை என்றதும் செல்வமணி சிரித்தார். ஒரே மகன் தினேஷுக்குத் தை மாதம் கல்யாணமாம்.

"அவனுக்கு இந்தக் கையால அட்சத போடணும் மிஸ். எடது கையால போட மாட்டேன். முடியலன்னா மண்டபத்துக்கே போகப் போறதில்ல" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் கண் நிறைந்துவிட்டது.

மறுநாளே வேலையை ஆரம்பித்தோம். விரல்களை நீவி நீட்டுவது, மணிக்கட்டு மடங்காமல் தாங்க ஸ்ப்ளின்ட் பட்டை போடுவது, பிறகு ஒரு தட்டில் பாசிப்பயறு. ஒரு பிடி அள்ளிப் பக்கத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். அள்ளுவார். கிண்ணத்துக்கு மேலே கை போகும், அங்கேயே நிற்கும். ராஜு அண்ணன் பின்னால் நின்றுகொண்டு சும்மா இருக்க மாட்டார்.

"விடு புள்ள... விடு... அட, விடேன்!"

வாரக்கணக்கில் இதே கூத்து. ஒருநாள் செல்வமணிக்குப் பொறுக்கவில்லை. "வாய மூடுறீங்களா!" என்று கத்தி, திரும்பாமலேயே கையைத் தோளுக்கு மேலால் பின்னால் வீசினார். பயறு முழுவதும் ராஜு அண்ணன் முகத்தில்!

நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையைப் பார்த்தேன். விரல்கள் திறந்திருந்தன.

கை மேலே போய்ப் பின்னால் சாயும்போது மணிக்கட்டு உள்ளங்கைப் பக்கமாக மடங்கும். மடங்கினால் விரல்கள் தாமாகக் கொஞ்சம் விரியும், இது எங்கள் பாடத்திலேயே உள்ளது. அதோடு முதுகுக் கூடைக்குள் கொழுந்தை எறிந்த பழக்கமும் சேர்ந்துகொண்டது. எல்லாக் கைக்கும் இப்படி அமையாது. செல்வமணியின் தோள் நல்லவேளையாகப் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை.

"நாளைக்குக் கூடையோட வாங்க" என்றேன்.

உண்மையாகவே கூடையோடு பஸ் ஏறி வந்தார். "ஆஸ்பத்திரியிலயும் கொழுந்து எடுக்கிறீங்களா?" என்று கண்டக்டர் கேட்டாராம். முதுகுக்கு எறிந்த பயறைத் தோள்பக்கம் கொண்டுவந்தோம், பிறகு இடுப்புப்பக்கம். முன்னால் போடுவது மட்டும் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. தை மாதம் அதற்காகக் காத்திருக்குமா?

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். செல்வமணி முறை வந்தது. அட்சதை அள்ளினார், மணமக்கள் தலைக்கு நேரே நீட்டினார். விரல் திறக்கவில்லை. பதற்றம் வந்தால் தசை இன்னும் இறுகும். நாத்தனார் ஓடிவந்து விரல்களைப் பிரிக்கப் போனார். நானும் பாதி எழுந்துவிட்டேன்.

"யாரும் தொடாதீங்க!" என்றார் செல்வமணி.

நான் உட்கார்ந்துவிட்டேன். அவர் மெதுவாகத் திரும்பி, மணமக்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

"ஐயய்யோ, முதுகக் காட்டியா ஆசீர்வாதம்?" என்று யாரோ கேட்டார்கள்.

தினேஷுக்குப் புரிந்துவிட்டது. தானும் குனிந்து, பெண்ணையும் குனியச் சொன்னான். கை தோளுக்கு மேலே போனது. அட்சதை இரண்டு தலையிலும் கொட்டியது, மிச்சம் ஐயர் மேலே. மண்டபமே சிரித்தது. தினேஷ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு பிடி போடும்மா" என்றான். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நோயாளி உங்கள் கையை இறுக்கிப் பிடித்ததும் கைதட்டாதீர்கள். "இப்ப விடுங்க பார்ப்போம்" என்று சொல்லிக் காத்திருங்கள். கை எந்தப் பக்கம் திறக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்தே தொடங்குங்கள். அது முதுகுப்பக்கமாக இருந்தால் என்ன, பெற்ற பிள்ளைகள் குனிந்துகொள்வார்கள்.