எவர்சில்வர் சட்டை போட்ட ஆன்டெனா

காலை 6.40. தோளில் மாற்று ஆன்டெனாவோடு குழித்துறை ரயில் நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து தேங்காய்ப்பட்டணம் பதினைந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு நானூறு ரூபாய். "ஆன்டெனா நட வந்தியளா? கேபிள் டிவியா சார்?" என்றார் ஓட்டுநர்.

"ஐஸ் பேக்டரிக்குங்க. கம்பியில்லாம சேதி அனுப்புற ரேடியோ."

"அப்போ பாட்டு கேக்காதா?" கேட்காது என்றதும் என்மேல் இருந்த மரியாதை பாதியாகக் குறைந்துவிட்டது.

8.00. புகார் சின்னதுதான். ஆலையின் மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்பதை எண்ணூறு மீட்டர் தள்ளியுள்ள கண்காணிப்பு அறைத் திரை காட்ட வேண்டும். இரண்டு மாதமாக அது அறுபது சதவீதத்திலேயே நிற்கிறது. ஐஸ் உறையவைக்கும் அம்மோனியா விஷவாயு கசிந்தால் எழும் எச்சரிக்கையும் அதே ஆன்டெனா வழியாகத்தான் போகிறது. அதைப் பற்றி யாரும் புகார் சொல்லவில்லை. கண்காணிப்பு அறை வாசலில் அதற்கான விளக்கு பச்சையாகவே எரிந்தது.

மாடியேறியவன் "ஐயோ!" என்று கத்திவிட்டேன். போன வருஷம் நான் நட்ட ஆன்டெனாவைக் காணோம். அந்த இடத்தில் பளபளவென்று ஓர் எவர்சில்வர் குழாய், மேலே மூடி, சுற்றிலும் வெல்டிங்.

ஆலையின் பராமரிப்பாளர் சேவியர் பதினான்கு வருஷம் துபாயில் வெல்டராக இருந்தவர். பெருமை பொங்க நின்றார். "உப்புக்காத்து இங்க எதையும் விட்டுவைக்காது சார். எனக்க வீட்டு ஜன்னல் கம்பியே மூணு வருசத்துல தீந்துபோச்சு. அதான் முழுசா அடச்சிட்டேன். இனி ஒண்ணும் ஆவாது."

"ஆன்டெனாவுக்கு ஆகாதுங்க. உலோகத்துக்குள்ள அடைச்சா அலை எப்படிங்க வெளிய போகும்? ரெண்டு மாசமா எந்தச் சேதியும் போகலை. கேஸ் அலாரமும்தான்."

சேவியருக்கு முகம் வெளுத்தது. "எனக்க பெஞ்சாதி மேரி உள்ள வேலைல நிக்கா சார்!" படிகளில் பாய்ந்தவர் பாதியில் திரும்பினார். "பின்ன எதுக்கு அங்க பச்சை எரியுது?"

சேதி வராவிட்டால் சிவப்பாக மாறும்படி புரோகிராமை எழுதியிருக்க வேண்டியவன் நான்தான். கடைசியாக வந்த நிலையையே காட்டும்படி சோம்பேறித்தனமாக விட்டிருந்தேன்.

11.30. எல்லோரும் வெளியே வந்தபின் குழாயை அறுத்தோம். தொட்டியை விட்டு விலக்கி, தென்னை உச்சிகளுக்கு மேலே கண்காணிப்பு அறை நேராகத் தெரியும்படி புதுக் கம்பம் நட்டோம். உப்புக்காற்றுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டோம். பச்சையையும் திருத்தினேன்.

3.15. சென்சார் அருகே அம்மோனியா நனைத்த துணியைக் காட்டினோம். அந்தக் கோடியில் சைரன் அலறியது.

"வேலைக்கு வர்ற வழியில தினமும் அந்தப் பச்சையப் பாத்துட்டுத்தான் உள்ள போவேன்" என்றார் மேரி, புருஷனை முறைத்தபடி.

"குழாய் அவரு தப்பு. பச்சை என் தப்புங்க" என்றேன்.

"அப்போ நாளைக்கி நீங்க ரெண்டு பேரும் உள்ள போங்க. நான் வெளிய நின்னு லைட்டப் பாக்கேன்."

நியாயம்தான். தலை நிமிராமல் ஆட்டோ ஏறினேன்.

மாலை 5.50, கோவை ரயில். இதே புரோகிராமை எத்தனை ஊர்களில் போட்டிருக்கிறேன் என்று எண்ணினேன். பத்தொன்பது. முதல் ஊருக்கு உடனே போன் போட்டேன்.

"இங்க ஒரு பிரச்சனையும் இல்ல சார்" என்றது சந்தோஷமான குரல். "எல்லாம் பச்சையாத்தான் இருக்கு."