சீக்கிரம் வெந்த விலா எலும்பு

பச்சைப் பப்பாசிக்காயைக் கத்தியால் கீறியதும் வெள்ளையாக வடிகிற பால் கையில் பட்டால் முதலில் ஒன்றும் தெரியாது, குளிர்ச்சியாகக்கூட இருக்கும். அது காய்ந்து தோலை இழுக்கத் தொடங்கிய பிறகுதான் விரலிடுக்குகளில் அரிப்பு ஏறும். சவர்க்காரம் போட்டுக் கழுவினாலும் போகாது, தேங்காயெண்ணெய் தடவினால்தான் கொஞ்சம் அடங்கும். பதினொரு வயதில் ஒருநாள் பின்னேரம் முழுவதும் அப்படிக் கையைச் சொறிந்துகொண்டு திரிந்தேன். சொறிச்சல் அன்றைக்கே போய்விட்டது. அன்று சமைத்த இறைச்சியைப் பற்றிய பேச்சுத்தான் இருபது வருடத்துக்கு மேலாகியும் போகவில்லை.

ஓட்டமாவடியில் எங்கள் வீடு அப்போது மூத்த மகளான என் ராத்தாவின் பெயருக்கு எழுதப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் அவளுக்குப் போய்விடும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார், பெற்றோர் மற்றப் பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு பின்வளவில் ஒரு சின்ன இடத்துக்கு ஒதுங்கிவிடுவார்கள். நாங்களும் அப்படித்தான் ஒதுங்கியிருந்தோம். குசினி ஒன்றுதான் உம்மாவின் கையில் மிஞ்சியது. அந்தக் குசினியில் என்ன வெந்தாலும் முதல் தட்டு மாப்பிள்ளைக்கு, அடுத்தது மாப்பிள்ளை வீட்டாருக்கு, மிச்சமிருந்தால் எங்களுக்கு. அதை யாரும் அநியாயம் என்று நினைக்கவில்லை. நான் மட்டும் நினைத்தேன். நினைத்ததை வெளியில் சொல்லவில்லை.

ராத்தாவின் மாப்பிள்ளை, என் மச்சான், கட்டாரில் லொறி ஓட்டினார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மூன்று மாத விடுமுறையில் வருவார். அந்த முறை வந்தபோது, கம்பளிப் போர்வைக்குள் சுற்றி, கால் மடிக்கிற ஓர் இரும்பு அடுப்பைக் கொண்டுவந்திருந்தார். வந்த நாளிலிருந்து அங்கே சாப்பிட்ட சுட்ட விலா எலும்பைப் பற்றியே பேச்சு. "எலும்பப் புடிச்சி ஒரு ஆட்டு ஆட்டினா இறைச்சி தானாக் கழண்டு உழணும். அதான் பதம்" என்று வாசலில் இருந்து சொல்லுவார். விலா எலும்பென்றால் ஆணம் காய்ச்சி உறிஞ்சுவதற்கு என்று மட்டுமே தெரிந்திருந்த எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கு, அதைத் தணலில் வாட்டித் தின்பது பெரிய புதினமாக இருந்தது. மூன்று மாதமும் பேச்சாகவே கழிந்து, பயணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் அந்த அடுப்பை எரிக்க நாள் வைத்தார்கள். மச்சானின் உம்மாவும் அவருடைய ஆட்களும் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்து வருவதாகச் சொல்லியிருந்தார்கள். ராத்தா அவரை மாமி என்றுதான் சொல்லுவாள், அதனால் எனக்கும் அவர் மாமி.

இறைச்சி வரும்போது மத்தியான ளுஹர் பாங்கு சொல்லிவிட்டது. வாப்பா சுமந்துவந்த கூடையைப் பார்த்ததும் உம்மாவின் முகம் விழுந்தது. உன்னிச்சைப் பக்கத்து வயல்வட்டைகளில் வருடக்கணக்காக உழுது, இனி உழ ஏலாது என்று விற்கப்பட்ட மாடாக இருக்க வேண்டும். எலும்பு என் கைத் தடிப்பு, அதன்மேல் இறைச்சி கயிறு கயிறாக ஒட்டிக்கிடந்தது. பிரசர் குக்கர் எங்கள் ஒழுங்கையிலேயே யாரிடமும் இல்லை. "இது இண்டைக்கி அவியிற சாமானா? மாப்புள ஊட்டாக்களுக்கு முன்னால மானம் போகப்போகுது" என்று உம்மா கொஞ்ச நேரம் கூடையைப் பார்த்தபடி நின்றா. பிறகு என்னைக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னா: "கிணத்தடியில போய் நல்ல பச்சைக் காயாப் பாத்து ஒண்டு அடிச்சிட்டு வா, புள்ள."

நான்தான் கொக்கத்தடியால் பப்பாசிக்காயை அடித்து விழுத்தினேன், நான்தான் கீறினேன், தோல் சீவினேன். உம்மா அதில் தோலுக்குக் கிட்ட இருந்த பச்சைச் சதை முழுவதையும் துருவி, உப்பும் உள்ளியும் மிளகாய்த்தூளும் சேர்த்து விலா எலும்புகளில் அழுத்தித் தேய்த்தா. ஒரு மணித்தியாலம் மூடி வைத்தோம், பப்பாசி முற்றின இறைச்சியையும் இளக்கிவிடும். பிறகு பெரிய சட்டியில் எலும்புகளை நிறுத்தி அடுக்கி, கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து, மூடிமேல் அம்மிக்குழவியைப் பாரமாக ஏற்றி, ஆவி வெளியேறாமல் வேகவிட்டோம். அஸருக்கு முன்னரே மூடியைத் திறந்து விரலால் அழுத்திப் பார்த்த உம்மா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தா. மிச்சத்தை மச்சான் பார்த்துக்கொண்டார்: முற்றத்தில் சிரட்டைத் தணல் போட்டு, புளிக்கரைசலும் சீனியும் மிளகாயும் குழைத்ததை மேலே பூசிப் பூசிப் புரட்டினார். கொழுப்பு தணலில் சொட்டிப் புகைந்த மணம் பள்ளிவாசல் வரைக்கும் போயிருக்கும்.

இறைச்சி கழன்றுதான் விழுந்தது. மாமி இரண்டு எலும்பைச் சாப்பிட்டுவிட்டு, "என்னத்தப் போட்டீங்க, இவ்வளவு மிருதுவா?" என்று உம்மாவைக் கேட்டார். உம்மா பெருமையில் சிரித்தாவே தவிரச் சொல்லவில்லை. ராத்தா கதவருகில் ஒதுங்கி நின்றாள். மச்சான் எல்லார் முன்னிலையிலும் ஒரு துண்டைப் பிய்த்து அவளுடைய வாயில் வைத்தார், பெண்கள் சிரித்தார்கள், அவள் தலையைக் குனிந்து சாப்பிட்டாள். பிறகு தட்டில் போட்டும் சாப்பிட்டாள். அவள் வயிற்றில் இரண்டு மாதப் பிள்ளை இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் நிறைந்த பிறகு சொல்லுவோம், கண்ணூறு படக்கூடாது என்று அவளும் மச்சானும் தங்களுக்குள் வைத்திருந்தார்கள். விடுமுறையில் வந்துபோகிற ஒருவருக்கு அந்தப் பிள்ளை எவ்வளவு பெரியது என்று எனக்கு இப்போது விளங்குகிறது.

மூன்றாம் நாள் காலையில் ராத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பின்னேரம் திரும்பி வரும்போது பிள்ளை இல்லை. அன்றே மாமி வந்தார். முந்தின முறை கேட்ட அதே கேள்வியை வேறு குரலில் கேட்டார்: "அந்த இறைச்சிக்கு என்னத்தப் போட்டீங்க?" பப்பாசிக்காய் பட்டால் வயிற்றுப் பிள்ளை தங்காது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். உம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இந்தச் சின்னதுதான். நான் தொழுதுட்டு வாறதுக்குள்ள பப்பாசியத் துருவிப் போட்டிரிக்கா. தெரியாத்தனமாச் செய்திட்டாள்" என்றா.

நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். வாயைத் திறந்தேன், உம்மா என்னைப் பார்த்தா. அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் பேசியிருப்பேன். கெஞ்சல் இருந்தது, அதனால் வாயை மூடிக்கொண்டேன். மாமி போன பிறகு உம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய்த் தலையைத் தடவி, "அவங்க என்னக் கோவிச்சா ராத்தாட வாழ்க்கை போயிடும், மகள். ஒன்ன எண்டா சின்னப் புள்ள எண்டு உட்டிடுவாங்க" என்று சொன்னா. உம்மா கணக்குப் போட்டது அப்படித்தான். ஆனால் யாரும் விடவில்லை.

மச்சான் அடுத்த கிழமை கட்டாருக்குப் போனார், அடுத்த பிள்ளைக்கு ராத்தா இரண்டு வருடம் காத்திருந்தாள். அந்த இரண்டு வருடமும் அவள் என்னோடு பேசியது "வெச்சிட்டுப் போ" என்ற ஒரு சொல்தான் என்று சொன்னால் மிகையில்லை. பிறகு அவளுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள், பேச்சும் வந்தது. ஆனால் நான் சமைத்த ஒன்றையும் அவள் வாயில் வைத்ததில்லை, பிள்ளைகளுக்குக் கொடுத்ததுமில்லை. ஒழுங்கையில் என் முதுகுக்குப் பின்னால் "பப்பாசிக்காரி" என்ற பெயர் நடந்தது. கலியாண வீடுகளில் நான் தட்டு நீட்டினால் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் "இப்பதான் சாப்பிட்ட" என்பார்கள். பதினைந்து வயதில் அதற்காக அழுதேன். இருபது வயதில் எல்லார் மேலும் வெறுப்பு வந்தது, அந்த வெறுப்பில் முதலிடம் உம்மாவுக்குத்தான்.

எனக்குப் பிள்ளை தங்கியபோது கிளினிக்கில் மிட்வைப் மிஸ்ஸிடம் இதைக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சட்டியில வெந்துபோன பப்பாசியால ஒண்டும் ஆகியிராது. முதல் மூணு மாசத்தில கனபேருக்குக் காரணமே தெரியாமக் கலைஞ்சி போறது. யாரும் செஞ்சதில்ல அது" என்றார். வீட்டுக்கு வந்த கையோடு உம்மாவிடம் சொன்னேன், இனியாவது ராத்தாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்டேன். "போனத இனிக் கிளறி என்னத்துக்கு?" என்று சொல்லி உம்மா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தா. சில வருடங்களுக்குப் பிறகு மௌத்தாகும்வரை அதைச் சொல்லவில்லை. நான் சொல்லலாமா என்று ஆயிரம் முறை யோசித்தேன். உம்மா இருக்கும்வரை அவவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை, இல்லாமற்போன பிறகு செத்த மையித்தின் மேல் பழி போட்ட மாதிரி ஆகும் என்று பயந்தேன். என்றாவது ஒருநாள் சொல்லுவேன், ராத்தா விம்மி அழுது என் கையைப் பிடிப்பாள் என்று நினைத்து நினைத்தே காலம் போயிற்று.

இந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் குர்பான் இறைச்சியில் எனக்கு விலா எலும்பு கிடைத்தது. இன்றைக்கு இதொன்றும் பெரிய வித்தை இல்லை. மசாலை பிரட்டிப் பிரசர் குக்கரில் அரை மணித்தியாலம் விட்டால், எலும்பிலிருந்து கழன்றுவிடும். அந்தச் சாற்றையே வற்றவைத்து மேலே பூசி, கடையில் வாங்கிய கரியில் ஐந்து நிமிடம் புரட்டினால் போதும். ராத்தா பெருநாள் சொல்ல வந்திருந்தாள், கலியாணம் முடித்து இரண்டு மாதக் கர்ப்பமாயிருந்த மகளையும் கூட்டிக்கொண்டு. அந்தப் பிள்ளை, "சாச்சி, மணம் தூக்குது" என்று சொல்லிக்கொண்டு தட்டுக்குக் கை நீட்டியது. ராத்தாவின் கை அதைத் தடுத்தது.

அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது. "இதுல பப்பாசி இல்ல, ராத்தா. அண்டைக்கும் அத நான் போடல்ல. உம்மாதான் போட்ட."

ராத்தா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும்" என்றாள்.

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். உம்மா துருவக்குள்ள நான் ஜன்னலால கண்டன். கண்டுட்டுத்தான் திண்டன். வேணா எண்டு சொன்னா ஏன் எண்டு மாமி கேப்பாங்க. அதோட ஆசையாவும் இரிந்திச்சி."

"பிறகு ஏன் என்னோட கோவிச்ச?"

அவள் சொன்னாள்: "உம்மாவக் கோவிச்சிட்டு நான் அந்த ஊட்டுல எப்படி இரிக்கிற? என்ன நானே கோவிச்சா நான் செத்திருப்பன். நீதான் மிச்சம் இரிந்த."

பிறகு மகளின் கையை விட்டாள். தானும் ஒரு துண்டை எடுத்தாள், இருபது வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக நான் சமைத்ததைச் சாப்பிட்டாள், நல்லாத்தான் வெந்திருக்கு என்றும் சொன்னாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளுக்கு இன்னொரு துண்டு வைத்தேன், வேறென்ன செய்ய. அந்த ஒழுங்கையில் இப்போது சிரட்டைத் தணல் இல்லை, பின்வளவுக் கொட்டில் இல்லை, உம்மாவும் மாமியும் இல்லை. அவையெல்லாம் போனதில் எனக்குப் பெரிய துக்கமில்லை. என்றாவது உண்மையைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை வைத்திருந்தேன். அதுதான் அன்றைக்குப் போனது.