மல்லிகா பார்த்த வீடு

என் ஓரகத்தி மல்லிகா திருவையாற்றில் ஒரு வீடு பார்த்துவிட்டு வந்தாள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. எனக்குப் பின்னால் அந்தக் குடும்பத்துக்கு வந்தவள், எனக்கு முன்னால் டவுனுக்குக் குடிபோவதா?

கணவரை நச்சரித்து, அவள் முன்பணம் கொடுப்பதற்குள் அதே வீட்டைப் பேசி முடித்தேன். பத்திரப் பதிவுக்கு முதல் நாள் மல்லிகா வந்து கதவைத் தட்டினாள். வீட்டை விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்ச வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். தலைவலி என்று மகளிடம் சொல்லி அனுப்பிவிட்டுப் படுத்துக்கொண்டேன். அவள் திரும்பிப் போகும் செருப்புச் சத்தம் காதுக்கு இனித்தது.

பத்திரத்தில் 'கட்டடம் மட்டும்' என்று எழுதியிருந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மிராசுதார் கொல்லையில் குடிசை போட்டிருந்த எங்களுக்குச் சட்டம் வந்து மனைப்பட்டா கிடைத்திருந்தது. குடியிருப்பவருக்கே மண் சொந்தம் என்று அதிலிருந்து நம்பியிருந்தேன்.

பட்டா கேட்டுப் போனபோது தாலுகா ஆபீஸ் குமாஸ்தா சொன்னார்: "வீடுதாம்மா உங்களுது. அது நிக்கிற அடிமனை கோயிலோடது."

சங்கதி கேட்டு மல்லிகா வந்தாள். "அது தெரிஞ்சுதான் நாங்க வேணாம்னு விட்டோம். அதைச் சொல்லத்தான்க்கா அன்னைக்கு வந்தேன். தலைவலின்னு படுத்திருந்தீங்க."

அவள் குரலில் துளியும் குத்தல் இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது.

இப்போது வீடு வாங்கப்போகிறேன் என்று யார் வந்தாலும், அடிமனை யாருடையது என்று விசாரிக்கச் சொல்கிறேன். யாரைப் பார்த்து வாங்குகிறீர்கள் என்று கேட்கத்தான் இன்னும் வாய் வரவில்லை.