தேசிங்கு கிழித்த ஜாக்கெட்

தாழங்குடாவில் தேசிங்கைப் போல நீந்த ஆள் கிடையாது என்பார்கள். அவரும் அதை நம்பித் தொலைத்தார். சுனாமிக்குப் பிறகு இலவசமாய் வந்த லைஃப் ஜாக்கெட்டைக் கிழித்து, உள்ளே இருந்த ஃபோமை வலைக்கு மிதவையாகக் கட்டிவிட்டார். மனைவியின் தம்பி கலியன் மட்டும் ராத்திரி மீன்பிடித் தொழிலுக்கு ஜாக்கெட்டோடு வருவான்.

"கடல்ல பொறந்தவனுக்கு இது எதுக்கு மச்சான்?" என்று தேசிங்கு கிண்டலடிப்பார்.

ஓர் இரவு வலை இழுக்கையில் அலை அவரைக் கடலில் தள்ளியது. கால் நரம்பு இழுத்துக்கொண்டது, நீச்சல் கைவிட்டது. கலியன்தான் குதித்து, அவரைச் சுமந்து படகில் ஏற்றினான்.

விடிந்ததும் வெறும் படகோடு திரும்பியவர்களைக் கரையில் கூட்டம் விசாரித்தது. மாமாவின் மானம் போகக் கூடாதென்று கலியன், "நான்தான் உழுந்துட்டேன், மாமா தூக்குனாரு" என்றான். தேசிங்கு குனிந்து வலையை மடித்தார்.

"ஜாக்கெட் போட்டும் மாமாதான் காப்பாத்தணுமா?" என்று கரையே சிரித்தது.

மறுநாள் கலியன் வெறும் உடம்போடு படகுக்கு வந்தான்.

"ஜாக்கெட் எங்க மச்சான்?"

"எல்லாரும் சிரிக்கிறாங்க மாமா."

தேசிங்கு யார் முகத்தையும் பார்க்காமல், கரை முழுக்கக் கேட்கும்படி கத்தினார்:

"போட்டுகிட்டு வா. அன்னைக்கு உழுந்தது நான்."