கரி பூசிய கடிதங்கள்

பெட்டியைத் திறந்த அன்று இருந்தவர்கள்: கட்டிலில் போஸ்ட்மாஸ்டர் அய்யா. தலைமாட்டில் அவர் வீட்டம்மா. நாற்காலியில் மதுரை நூலகத்திலிருந்து வந்தவர். கதவோரம் நான், ஆட்டோ ஓட்டுகிறவன்.

அய்யா ரிட்டையரான பிறகு பழைய கடிதம் நூற்றுக்குமேல் சேர்த்தார். தாது வருசப் பஞ்சத்தில் இந்தக் கடற்கரையில் கஞ்சித்தொட்டி நடத்திய வெள்ளைக்கார டாக்டர் ஒருவரும் பாதிரி ஒருவரும் கைப்பட எழுதிக்கொண்டவை. அவர்கள் ஊரில் இருவருக்கும் சிலை உண்டாம். இங்கே யாருக்கும் தெரியாது.

பரமக்குடி பழைய பேப்பர் கடை, தேவிபட்டினம் பக்கம் இடிந்த பங்களா என்று கூட்டிப்போவேன். பேப்பர் கடைக்காரர் ஒருமுறை என்னிடம், "ஏண்ணே, ஊருக்கெல்லாம் தபால் குடுத்த மனுசன். இவருக்கு லெட்டர் போட உசுரோட ஒருத்தரும் இல்லையா?" என்றார்.

அய்யா காதில் விழுந்துவிட்டது. "செத்தவுகதாம்ப்பா பதில் கேக்க மாட்டாக."

திரும்பும் வழியில் வாங்கிய கடிதத்தில் இருப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவார். எந்த ஊரில் கஞ்சி தீர்ந்தது, வரிசையில் யார் விழுந்தார்கள் என்று. விழுந்தவர்கள் பெயரெல்லாம் அந்தக் கடிதங்களில் இருந்தது. வேறெங்கும் இல்லை என்பார்.

ஈரல் கெட்டு மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு மாதம் கிடந்தார். இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். கடிதங்களை ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நூலகக்காரரை வரச் சொன்னார்.

பெட்டி திறந்ததும் புல்தைல வாடை. மேலே இருந்த கடிதம் முழுக்கக் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு.

வீட்டம்மா வைத்தியர் மகள். கண்ணில் புரை. "நீங்க ஆஸ்பத்திரில கெடந்தப்ப பூச்சி விழுந்துருச்சு. எங்க அய்யா ஓலை ஏட்டுக்குப் பூசுவாகள்ல, அது மாதிரி தைலத்துல கரியக் கொழச்சுப் பூசிட்டேன். எழுத்தும் எடுப்பாத் தெரியும்."

ஓலையில் எழுத்து கீறல். கரி அதற்குள் இறங்கும், மிச்சத்தைத் துடைத்துவிடலாம். இது காகிதம்.

நூலகக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அய்யா கையை உயர்த்தித் தடுத்தார்.

"இந்தக் கண்ண வச்சுக்கிட்டு எம்புட்டு வேலை பாத்துருக்க," என்றார் அய்யா.

"எங்க, முழுசாப் பாக்கல. தைலம் தீந்துபோச்சு. அடியில கெடக்கறதுக்குப் பூசல. கோவிச்சுக்கிராதீக."

அய்யா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நூலகக்காரர் அடிவரை எடுத்துப் பார்த்து, பூசாததைத் தனியே வைத்தார்.

"எத்தனை?" என்றார் அய்யா, சுவரைப் பார்த்தபடியே.

நான்கு.