பாப்பா சார் அழுத காட்சி

"வாயைப் பாரு, அவன் வாயைப் பாரு! 'அன்பான பொதுமக்களே'ன்னா சொல்றான்? 'எவன்டா ஃபேனை நிறுத்தினது'ங்கறான்!"

டிவிக்குள் ஒரு பெரிய மனிதர் கும்பிட்டபடி நிற்கிறார். அவரைப் பார்த்துக் கையை நீட்டித் திட்டிக்கொண்டிருக்கிறார் பாப்பா சார். டிவியில் சத்தம் ஒரு பொட்டு கிடையாது. அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவர் அதைப் பேச விட்டதே இல்லை. உதட்டைப் பார்த்து அவரே படித்துச் சொல்லிவிடுவார். செய்தி, சீரியல், சோப்பு விளம்பரம் எதுவும் தப்பாது.

"ஏங்க, கொஞ்சம் சத்தம் வைங்களேன். அந்த மருமக ஏன் அழுறான்னே தெரியல" என்பார் அவர் வீட்டம்மா.

"அவளுக்கே தெரியாதுடி. அழுதுகிட்டே 'சாப்பாட்டு வண்டி வந்துருச்சா'ன்னு பக்கத்துல நிக்கிறவனைக் கேக்குறா. பின்னால வேற எவளோ குரல் குடுத்துருக்கா. உனக்குச் சாப்பாட்டு வண்டி வேணுமா, குரல் வேணுமா?"

"எனக்கு நிம்மதி வேணும்" என்று அந்த அம்மா எழுந்து போய்விடுவார். இந்தச் சண்டை அந்த வீட்டில் கடிகாரம் மாதிரி. ஒருநாள் நடக்கவில்லை என்றால் அக்கம்பக்கத்தார் யாருக்கு உடம்புக்கு என்னவோ என்று விசாரிக்க வந்துவிடுவார்கள்.

பாப்பா சாருக்கு எண்பது வயது நெருங்குகிறது. காக்கை வந்து உட்கார்ந்து குஞ்சு பொரித்துவிட்டுப் போகலாம், அப்படி ஒரு மீசை. அவர் தும்மினால் எதிர்வீட்டுக் கொடியில் காயும் துணி எல்லாம் கீழே விழும். இந்த ஆளுக்குப் பெயர் 'பாப்பா'. பேரன் எடுத்தவரைப் பாப்பா என்று கூப்பிட யாருக்கும் கூசுவதில்லை. தபால்காரர் தெரு முனையிலிருந்தே "பாப்பா சார், தபால்!" என்று கத்துகிறார். இவரும் குழந்தை மாதிரி ஓடுகிறார்.

பெயர் வந்த கதை படம் பேசாத காலத்தது. அவருடைய அப்பா ஒரு படக் கம்பெனியில் தச்சர். அட்டையிலும் துணியிலும் அரண்மனை கட்டுகிற வேலை. மதியம் அவருக்குச் சோறு கொண்டுபோன பிள்ளையை முதலாளி பார்த்தார். பிள்ளைக்குக் கண் பெரியது. முகத்தில் பாதி கண்ணாகவே இருந்ததாம். "இந்தக் கண்ணை எனக்குக் குடு" என்றார் முதலாளி. சோற்றுத் தூக்கு அப்பாவிடம் போயிற்று, பிள்ளை கேமரா முன்னால் போனது. சுவரொட்டியில் 'பாப்பா' என்று போட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் என்ன என்று இன்று கேட்டால், "ரேஷன் கார்டுல இருக்கு, போய்ப் பாரு" என்கிறார்.

அந்த நாளில் பாப்பாவைப் பார்க்க ஜனங்கள் கூரையேறி நின்றார்களாம். கூரையே கூட எட்டிப் பார்த்தது என்று சொன்னாலும் நான் நம்புவேன். ஆனால் கம்பெனிக்காரர்கள் ஸ்டுடியோக் கதவு நிலையில் ஒரு கோடு போட்டு வைத்திருந்தார்கள். மாதாமாதம் பிள்ளையை அதன் கீழ் நிறுத்தி அளப்பார்கள். "ராத்திரிச் சோத்தைக் குறைம்மா, வளர்ந்து தொலைக்கப் போறான்" என்று அவர் அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். பல் விழுந்தால் மெழுகில் பல் செய்து ஒட்டினார்கள். கோழியையாவது முட்டைக்காகத் தீனி போட்டு வளர்ப்பார்கள். இந்தப் பாவிகள் பிள்ளையைப் பட்டினி போட்டுப் பிள்ளையாகவே வைத்திருக்கப் பார்த்தார்கள்.

தலை கோட்டைத் தாண்டியது. அதே சமயம் படமும் பேச ஆரம்பித்தது. பாப்பாவுக்குக் குரல் உடைந்து, ஒரே வரியை இரண்டு ஆள் பேசுவதுபோலக் கேட்டது. மறுநாள் வாசல்காரன் உள்ளே விடவில்லை. நேற்று வரை அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போன அதே வாசல்காரன்!

வேறு ஆளாக இருந்தால் அந்தத் திசையில் தலைவைத்துக்கூடப் படுத்திருக்க மாட்டான். இவர் வேறொரு ஸ்டுடியோவில் படப்பெட்டி தூக்கினார், கிளாப் கட்டை அடித்தார், பிலிம் ஒட்டினார், உதவியாளராக ஏச்சு வாங்கினார், கடைசியில் டைரக்டர் ஆனார். எடுத்த படங்களில் பாதி ஓடின. மீதி, தியேட்டரை விட்டே ஓடின. அப்படி அவரே சொல்லிச் சிரிப்பார்.

அவர் படங்களில் விளக்குத் தூக்கினவன் நான், அதனால் ஒன்று எனக்குத் தெரியும். அவர் படத்தில் குழந்தை அழுவதை யாரும் பார்த்ததில்லை. அழுகிற காட்சி என்றால் குழந்தையைத் திருப்பி நிறுத்தி முதுகைத்தான் எடுப்பார். அந்தப் பக்கம் குழந்தை மிட்டாய் தின்று கொண்டிருக்கும். பத்திரிகைக்காரர்கள் "என்ன கலை, என்ன நயம்!" என்று எழுதினார்கள்.

"கலையாவது கத்திரிக்காயாவது" என்றார் பாப்பா சார். "முதுகுக்குக் கண்ணு கிடையாது. அவ்வளவுதான்."

இதற்கு அர்த்தம் எனக்குப் போன மாதம்தான் முழுதாக விளங்கியது.

போன மாதம் பழைய முதலாளியின் மகன் வந்தார். அவருக்கே தலை நரைத்துவிட்டது என்றாலும் ஊருக்கு அவர் சின்ன முதலாளிதான். பாப்பா நடித்த ஊமைப்படம் ஒன்று பழைய கிடங்கில் அகப்பட்டதாம். அதற்குக் குரலும் இசையும் சேர்த்து மறுபடி வெளியிடப் போகிறார்களாம். "நீங்க வந்து பக்கத்துல இருந்து பாக்கணும் சார். அப்புறம் மேடையில நாலு வார்த்தை. எங்கப்பா உங்களைப் பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தாரு இல்லையா?"

பாப்பா சார் மீசையைத் தடவினார். "பெத்த பிள்ளையை அளக்க வீட்டு நிலையிலயும் கோடு போட்டிருந்தாரா தம்பி?"

சின்ன முதலாளி அதை நகைச்சுவை என்று நினைத்துக் கைதட்டிச் சிரித்தார். சில பேருக்குத் தோல் அப்படி அமைந்துவிடுகிறது.

சாருக்குத் துணையாக நானும் போனேன். குரல் சேர்க்கிற அறை சின்னது. சுவரெல்லாம் மெத்தை, முன்னால் திரை, திரைக்கு எதிரே மைக். பின் சுவரில் தலை உயரத்தில் ஒரு சதுரக் கண்ணாடி. அதன் வழியாகத்தான் படத்தின் வெளிச்சம் வரும். ஒரு காட்சியை மட்டும் வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கிவிடுவார்கள். அது செக்குமாடு மாதிரி சுற்றிச் சுற்றி வரும். குரல் சரியாகப் பொருந்தும் வரை ஓடும்.

பாப்பாவுக்குக் குரல் கொடுக்க வந்தது ஒரு அம்மா. ஐம்பது வயது, ஆள் பாதி அறையை அடைத்துக்கொண்டு நின்றார். வாயைத் திறந்தால் ஆறு வயது. ஊரில் உள்ள குழந்தைக் குரல் எல்லாம் அவர் தொண்டையில்தான் குடியிருக்கிறது. "என் கட்டணம் மட்டும் பெரியவங்க கட்டணம், கண்ணா" என்று வந்ததும் சொல்லிவிட்டார்.

அம்மா சாகக் கிடக்கிற காட்சி. பாப்பாவின் முகம் திரை முழுக்க வந்தது. அப்பா, அந்தக் கண்! கண்ணீர் பொலபொலவென்று கொட்டுகிறது. உதடு துடித்து எதையோ சொல்கிறது. அடுத்து, பேச்சுக்குப் பதிலாகத் திரையில் அட்டை எழுத்து: 'அம்மா, என்னை விட்டுப் போகாதே!' அந்த நாளில் இதற்குத் தியேட்டரே குளமானது என்று கேள்வி.

குரல் அம்மா அந்த வரியைச் சொன்னார். பொருந்தவில்லை. நீட்டிச் சொன்னார், விக்கிச் சொன்னார். ஒட்டவே இல்லை. கடைசியில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"இந்தப் பிள்ளை இதைச் சொல்லவே இல்லைங்க. 'அம்மா'ன்னா உதடு ஒருதரம் ஒட்டும். இதுக்கு ரெண்டுதரம் ஒட்டுது. 'போகாதே'ன்னா குவியணும், இது கடைசில இளிக்குது. அதுவும் செத்துக்கிட்டிருக்கிற அம்மாவைப் பாக்காம எங்கேயோ மேல பாத்துப் பேசுது."

"சார் இங்கதானே இருக்காரு" என்றார் சின்ன முதலாளி உற்சாகமாக. "சார், அன்னைக்கு என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார் பாப்பா சார். "'மாமா, கண்ணு எரியுது மாமா, விளக்கை அணைங்க.'"

பாப்பா சார் சின்ன முதலாளி பக்கம் திரும்பிச் சொன்னார்.

"அப்ப ஆர்க் லைட். ரெண்டு கரிக்குச்சிக்கு நடுவுல நெருப்பு. ஒரு சூரியனைப் பிடிச்சு மூஞ்சிக்கு நேரா வச்ச மாதிரி. காலையிலேருந்து நின்னேன். கண்ணுல மணலை அள்ளிக் கொட்டின மாதிரி இருந்துச்சு. கேமரா மாமாகிட்டச் சொன்னேன். உங்கப்பா அவர் பக்கத்துல நின்னு, 'நல்லா வருது, நிறுத்தாதே, ஓட்டு'ன்னாரு. எங்கப்பாவும் அங்கதான் நின்னாரு தம்பி. கையில சுத்தியல். வேலை போயிருமேன்னு ஆணி அடிக்கிற மாதிரி குனிஞ்சுகிட்டாரு. அப்புறம் நாலு நாள் கண்ணு தெரியல. வெள்ளரிக்காயை நறுக்கிக் கண்ணுல வச்சு இருட்டுல படுக்கப் போட்டாங்க. அஞ்சாம் நாள் திரும்பவும் ஷூட்டிங்."

நாற்பது வருடம் அந்த மனிதர் முன்னால் விளக்குத் தூக்கி நின்றிருக்கிறேன். ஒரு வார்த்தை சொல்லவில்லையே! குரல் அம்மா மைக் பக்கம் திரும்பினார். வளையம் சுற்றி வந்தது. பாப்பா உதடு அசைத்தது.

"மாமா, கண்ணு எரியுது மாமா, விளக்கை அணைங்க."

பொருந்தியது. மயிரிழை பிசகவில்லை. இத்தனை வருடம் கழித்து அந்தப் பிள்ளை வாய்விட்டுக் கேட்டது. பாப்பா சாரின் மீசை ஒருமுறை ஆடியது, நின்றது.

"பிரமாதம்மா" என்று கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார் சின்ன முதலாளி. "நல்ல வேடிக்கை. இப்ப அட்டையில உள்ளதைச் சொல்லிடுவோம்."

"வேடிக்கையா?" என்றார் பாப்பா சார்.

"சார், புரிஞ்சுக்குங்க. தாய்ப்பாசத்துல அழுற குழந்தைன்னு ஜனங்க டிக்கெட் வாங்கறாங்க. கண்ணு எரியுதுன்னு அழுதா யாரு வருவாங்க? எங்கப்பா பேரு வேற இருக்கு."

"அது அழுததுக்குக் காரணம் உங்கப்பாதானே? பேரு இருக்கட்டும், நல்லாப் பெருசாவே இருக்கட்டும். நான் எடுத்த எந்தப் படத்துக்காவது எவன்கிட்டயாவது கெஞ்சிருக்கேனா? இதுக்குக் கெஞ்சறேன். அந்தப் பிள்ளை சொன்னதை அப்படியே விட்டுரு. வேற எதுவும் வேணாம். மேடைக்குக்கூட வரேன்."

சின்ன முதலாளி குரல் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். "அந்த வாய்க்கு இதுதான் வார்த்தை. வேற வார்த்தை வேணும்னா வேற தொண்டையைப் பாருங்க." கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அறை பாதி காலியானது.

"பரவாயில்ல" என்று ஒலிப்பதிவுக்காரரிடம் திரும்பினார் சின்ன முதலாளி. "அந்த இடத்துல யாரும் பேச வேணாம். வயலினை நல்லா சோகமா இழுத்து விடுங்க. மூடிரும்."

அப்பன் அட்டையைப் போட்டு மூடினான், பிள்ளை வயலினைப் போட்டு மூடுகிறான். குடும்பத்தொழில்! பாப்பா சார் இடி மாதிரிக் கத்துவார், மெத்தைச் சுவர் கிழியும் என்று காத்திருந்தேன். அவர் கத்தவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தார். நிறுத்தச் சொல்ல எல்லாரும் மறந்துபோனதால் வளையம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் பிள்ளை கேட்டது. அட்டை வந்தது. மறுபடி கேட்டது. மறுபடி அட்டை.

பாப்பா சார் நாற்காலியின் கையை ஊன்றி எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். திரைப்பக்கம் போகாமல் பின் சுவருக்கு நடந்தார். வெளிச்சம் வருகிற சதுரக் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு உள்ளங்கையையும் விரித்து அதன் மேல் பொத்தினார்.

திரை இருண்டது.

"யாருப்பா அது, கையை எடுங்க!" என்று உள்ளேயிருந்து ஆபரேட்டர் கண்ணாடியைத் தட்டினார். "சார், என்ன இது, சின்னப்பிள்ளை மாதிரி!" என்றார் இருட்டில் சின்ன முதலாளி.

விரலிடுக்கில் வெளிச்சம் கசிந்தது. அவர் விரல்களை இன்னும் நெருக்கி மூடினார்.